ஒரு பல் தள்ளி

புகை முதலில் கமலாத்தாளின் காலடியிலிருந்துதான் வந்தது. நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு அவளும் புருஷன் சென்னியப்பனும் காரில் மீனாட்சிபுரம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். புரட்டாசிக் கடைசியில் பிடித்த மழை. வண்டியின் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டிருந்தார்கள். ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தபோது வெளியே யாரோ பழைய டயரைக் கொளுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தாள். குனிந்து பார்த்தால், மீட்டர் பலகைக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு இழை இறங்கி அவள் புடவை மடிப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்குப் புகை கூடிவிட்டது. அவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கமலாத்தாள் தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அது எப்போதும்போலப் பிடிப்பில்லாமல் ஆடியது. கண்ணாடியை இறக்கலாம் என்று அதன் திருகைச் சுற்றத் தொடங்கினாள். அது பாதிதான் இறங்கியது. இருமல் பிடித்துக்கொண்டது. எல்லாம் சேர்ந்து பத்து எண்ணுகிற நேரம்கூட இருக்காது. சென்னியப்பன் வண்டியின் முன்பக்கமாகச் சேற்றில் ஓடிவந்து வெளியிலிருந்து கதவைத் திறந்து, அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பிறகு ஒற்றைச் செருப்போடு போய்ப் பானெட்டைத் தூக்கி பேட்டரி வயரைப் பிடுங்கிப் போட்டார்.

அந்த லேண்ட்மாஸ்டர் வண்டியைச் சென்னியப்பனின் அப்பா பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியிருந்தார். நான்கு கதவுகளிலும் உள்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கைப்பிடி. டிரைவர் பக்கத்துக் கைப்பிடி படுக்கையாக, பார்க்க ஒழுங்காக இருக்கும். அதற்குப் பின்னால் இருந்ததும் அப்படியே. இடதுபக்கம் பின்கதவில் இருந்தது கொஞ்சம் தொங்கினாற்போல இருக்கும், ஆனால் வேலை செய்யும். கமலாத்தாள் உட்காரும் இடத்தில் இருந்ததுதான் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு உபயோகமும் இல்லாததால் அவள் அதில் தன் ஒயர் கூடையை மாட்டிவைப்பாள். எங்கே போனாலும் சென்னியப்பன் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, சுற்றிவந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவார். எட்டு வருடமாக இப்படித்தான். கல்யாண வீடுகளில் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கட்டின பெண்டாட்டிக்குக் கதவு திறந்துவிடுகிற ஆம்பளை இந்தப் பெருமாட்டிப் பஞ்சாயத்திலேயே ஒருத்தர்தான் என்பார்கள். அவளுக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். மகளைக் கிணத்துக்கடவில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பேச்சே குறைந்துபோன வாழ்க்கையில் அந்தக் கதவைத் திறந்துவிடுவதை ஒரு பேச்சுக்குச் சமமாகவே அவள் வைத்திருந்தாள்.

வண்டியை மாடு கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் குப்பண்ணன் வந்து எரிந்துபோன வயரை மாற்றினான். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, டிராக்டர், மோட்டார் பம்பு, கார் என்று கையில் கிடைப்பதையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன். வேலை முடிந்து கை துடைக்கும்போது, நல்லவேளை அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கைப்பிடியையும் இப்போதே பார்த்துவிடட்டுமா என்று கேட்டான். அதற்குச் சென்னியப்பன் சொன்ன பதிலை எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கமலாத்தாள் கேட்டாள். அது கிடக்கட்டும், அதற்குச் சாமான் கிடைக்காது என்றார். அவர் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை. எட்டு வருடமாக அதையேதான் சொல்லிவந்தார். ஆனால் முந்தின நாள் அந்தப் புகையில் அவளை இழுத்துப் போட்ட மனிதர், இன்றைக்குக் கேட்ட கேள்வி முடிவதற்கு முன்பே அதைச் சொன்னது அவளுக்கு என்னவோ போல இருந்தது. இரண்டு நாள் பால் கறக்கும்போதெல்லாம் அந்த அவசரம் அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

புதன்கிழமை சென்னியப்பன் சித்தூர் தாலுக்கா ஆபீசுக்குக் கிளம்பினார். மீனாட்சிபுரம் மலையாள எல்லைக்குள் இருப்பதால் பூமி விவகாரமெல்லாம் அங்கேதான். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு, யார் பேரில் எவ்வளவு பூமி இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதும் அதற்கு ஒரு சந்தேகம் கேட்டுக் கடுதாசி வருவதும் ஓயாத வேலையாகிவிட்டது. பெட்ரோல் விற்கிற விலையில் தனி ஆளாகப் போக வண்டியை எடுப்பதில்லை, பஸ்ஸில்தான் போவார். அவருடைய குடை ரோட்டு வளைவில் மறைந்ததும், பால் சொசைட்டிக்குப் போகிற ஆளிடம் கமலாத்தாள் குப்பண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவன் பதினொரு மணிக்கு வந்தான். கைப்பிடிக்குப் பின்னால் கதவோடு ஒட்டியிருந்த வட்டத் தகட்டைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கினான். கைப்பிடியின் கழுத்தில் மெல்லிசாக ஒரு ஊசி தெரிந்தது. ஒரு ஆணியை வைத்து அதைத் தள்ளியதும் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. உள்ளே இருந்த தண்டில் சுற்றிலும் பல் வெட்டியிருந்தது. கைப்பிடியின் குழிக்குள்ளும் அதேபோலப் பல். குப்பண்ணன் அதை அவளுக்குத் திருப்பிக் காட்டினான்.

"இங்க பாருங்க அக்கா. இந்தப் பல்லும் அந்தப் பல்லும் நேரா உக்காரோணும். ஒரு பல்லு தள்ளி மாட்டுனாலே கைப்பிடி கோணிக்கும். இதுல மூணு பல்லு தள்ளியிருக்குது."

அதை நேராக மாட்டினால் போதுமா என்று கேட்டாள். பார்க்க நேராக இருக்கும், கதவு திறக்க வேண்டுமானால் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கதவின் உள்பக்கத்து அட்டையைச் சுற்றிலும் இருந்த திருகாணிகளைக் கழற்றினான். தோல்துணி ஒட்டிய அந்த அட்டையைத் தூக்கியதும் துருவும் பழைய மழைத் தண்ணீரும் கலந்த ஒரு வாடை வந்தது. கதவின் அடியில் நிலக்கடலைத் தொலிகளும் செத்துக் காய்ந்த ஒரு பாச்சையும் கிடந்தன. குப்பண்ணன் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். பிறகு தள்ளி நின்று அவளைப் பார்க்கச் சொன்னான்.

கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போக வேண்டிய நீளக் கம்பி, பூட்டுப் பக்கத்தில் மாட்டப்படாமல் இருந்தது. அது கீழே தொங்கி ஆடிச் சத்தம் போடாமல் இருக்க, கதவின் குறுக்குத் தகட்டோடு சேர்த்துச் சணலால் கட்டியிருந்தது. கடலை மூட்டையின் வாயைத் தைக்கிற இரட்டைச் சணல். கிரீசும் புழுதியும் ஏறிக் கறுத்திருந்தது.

"இது கழண்டதில்லீங்க" என்றான் குப்பண்ணன். "ஆரோ கழட்டியிருக்கறாங்க."

பன்னிரண்டு வருடமாக இந்த வண்டிக்கு வேறு யாரும் கை வைத்ததில்லை, தானும் இதைச் செய்யவில்லை என்று அவன் சொன்னான். சொல்லிக்கொண்டே பின்கதவுக்குப் போய், தொங்கினாற்போல இருந்த கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தான். அதில் கம்பியெல்லாம் சரியாக இருந்தது. கைப்பிடி மட்டும் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தது. தொழில் தெரியாத யாரோ முதலில் இதில் கழற்றிப் பழகியிருக்கிறார்கள், அப்புறம்தான் முன்கதவுக்குப் போயிருக்கிறார்கள் என்று சிரிப்பும் ஆச்சரியமுமாகச் சொல்ல ஆரம்பித்தவன், கமலாத்தாளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். குனிந்து திருகாணிகளைப் பொறுக்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டான். கம்பியை மாட்டிவிடட்டுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வேண்டாம். இப்படியே கெடக்கட்டும். நாளைக்கு வாங்க" என்றாள்.

அவன் போன பிறகு அவள் மாட்டுக்கொட்டகைக் கட்டிலில் அந்த அட்டையைச் சாத்திவைத்துவிட்டுச் சோளத்தட்டு நறுக்கினாள். எருமைகளுக்கு அள்ளிப் போட்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அந்தச் சணல் எந்த வருஷத்துச் சணல் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிக்கத் தேவையே இல்லாமல் அந்த வருஷம் தெரிந்தது.

அவர்களுக்கு ஒரு பையன் இருந்தான். வேலுமணி. நான்கு வயதில் தொண்டையில் சவ்வு படர்ந்து, பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் மூன்றே நாளில் போய்விட்டான். அதற்கப்புறம் கமலாத்தாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பங்குனி மத்தியானம் சென்னியப்பன் அவளை ஊசி போட வண்டியில் அழைத்துப் போனார். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டி நின்றதும் அவள் கதவைத் திறந்து இறங்கினாள். செருப்பு வண்டிக்குள்ளேயே கிடந்தது. கேட்டின் குறுக்குக் கம்பத்துக்கு அடியில் குனிந்து நுழைந்தது நினைவிருந்தது. தண்டவாளத்துக்கு நடுவில் ஜல்லிக்கல் பாதத்தில் சுட்டது நினைவிருந்தது. அக்கரையில் ஒருத்தி கூடையில் வெள்ளரிக்காயை அடுக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துத்தான் போனதாகவும் இருந்தது, சும்மா போனதாகவும் இருந்தது. கேட்காரன் ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தான். ரயில் போன காற்றில் முந்தானை முகத்தில் அடித்தது. அவன் மலையாளத்தில் திட்டிக்கொண்டே அவளை வண்டிவரைக்கும் கூட்டிவந்து விட்டான். சென்னியப்பன் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கேட் திறந்தது, போனார்கள், டாக்டர் ஊசி போட்டார், திரும்பி வந்தார்கள். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. கொஞ்ச நாளில் கதவுக் கைப்பிடி கெட்டுப்போனது. அவள் இதையும் அதையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அவள் மனதில் இருந்ததெல்லாம் ஒன்றுதான்: பெண்டாட்டி ரயிலுக்கு முன்னால் நிற்கும்போதும் அந்த மனிதர் இறங்கவில்லை. பையன் செத்ததற்குத் தன்மேல் அவ்வளவு கோபம் என்று எடுத்துக்கொண்டாள். கோபத்துக்கு அவள் ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். காய்ச்சல் வந்த முதல் நாள், பொழுது விடியட்டும் என்று சொன்னது அவள்தான்.

பொழுதோடு ஐந்து மணி பஸ்ஸில் சென்னியப்பன் வந்து இறங்கினார். வாசலில் கதவு பிரித்துக் கிடந்த வண்டியைப் பார்த்ததும் அவர் நடை நின்றது. குடையைச் சுருட்டுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தொட்டியில் கால் கழுவிவிட்டுக் கட்டிலுக்கு வந்தவர், அங்கே அட்டை சாத்தியிருப்பதைப் பார்த்து உட்காராமல் நின்றார். கமலாத்தாள் அட்டையை எடுத்துத் தள்ளிவைத்து இடம் கொடுத்தாள். காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரைக்கும் இருந்தாள்.

"குப்பண்ணன் வந்திருந்தாருங்க."

"தெரியுது" என்றார்.

"நான் குதிச்சுருவேன்னுங்களா?"

அவர் காலித் தம்ளரைக் கையில் உருட்டினார். கமலாத்தாளுக்கு நிறையப் பேச வேண்டும் போல இருந்தது. ஆனால் எட்டு வருடமாகப் பேசாத ஒன்றுக்கு எங்கே பிடித்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரிந்த இடத்திலிருந்து சொன்னாள்.

"அன்னைக்கு நான் சாகறதுக்குன்னு எறங்கலீங்க. எறங்கோணும்னு இருந்துச்சு, எறங்குனேன். அந்தப் பக்கம் ஒருத்தி வெள்ளரிக்கா வித்துட்டிருந்தா. ஆனா, ரயிலு வர்றது தெரியலையான்னு ஆராச்சும் கேட்டிருந்தா, தெரியலைன்னு என்னால சொல்லியிருக்க முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஒரு எருமை தொட்டியை முட்டியது. சென்னியப்பன் எழுந்துபோய் அதன் கயிற்றை விலக்கிக் கட்டிவிட்டு, அங்கேயே, அதன் முதுகில் கை வைத்தபடி நின்று பேசினார்.

"நீ எதுக்குப் போனீன்னு நான் ரோசனை பண்ணவே இல்லை. எனக்குக் கால் வரல, கமலா. எறங்கோணும்னு நெனைக்கறேன், காலு வரல. கூப்படலாம்னா வாயும் வரல. ஸ்டேரிங்கப் புடிச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அந்த மலையாளத்துக்காரன்தான் ஓடுனான். பையனத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிப் படி ஏறுனப்பவும் எனக்கு அப்படித்தான் ஆச்சு. உங்கண்ணன் வாங்கிட்டு ஓடுனாரு." அவர் எருமையின் முதுகில் ஒட்டியிருந்த சாணியை விரலால் சுரண்டினார். "இன்னொருக்கா அப்படி ஆனா நான் ஓடமாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்குத்தான் கழட்டுனேன். உன்னை நம்பாம இல்லை."

கமலாத்தாள் இதை எதிர்பார்க்கவில்லை. எட்டு வருடமாக அவள் சுமந்துகொண்டிருந்த கோபம் அவருடையது இல்லை என்றால், அதை இனி எங்கே இறக்கிவைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. வருத்தமாகவும் இருந்தது, வேலையெல்லாம் முடிந்துவிட்டது போல ஒரு அயர்ச்சியாகவும் இருந்தது. தாழ்வாரத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் கட்டிலில் கிடந்த தம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"போன ஞாயித்துக்கெழமை ஓடி வந்தீங்க" என்றாள். "ஒரு செருப்பு சேத்துல போச்சு. அதைக்கூடத் திரும்பிப் பாக்கல நீங்க."

அவர் எருமையை விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவள் அப்பா எழுதிக் கொடுத்த இரண்டு ஏக்கருக்கு அவளுடைய கையொப்பமும் வேண்டுமாம், வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாகச் சித்தூர் போக வேண்டும் என்றார். வண்டியில் போய்விடலாம் என்றார்.

வியாழக்கிழமை குப்பண்ணன் வந்தபோது சென்னியப்பனும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். குப்பண்ணனுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் வேலையைப் பார்த்தான். சணலின் முடிச்சு கிரீசில் ஊறி இறுகிப்போயிருந்தது. அவன் கத்தியை எடுத்தபோது சென்னியப்பன் இருக்கச் சொல்லிவிட்டுத் தானே கதவுக்குள் கையை விட்டு அவிழ்க்கப் பார்த்தார். நகம் ஏறவில்லை. இரண்டு மூன்று தரம் முயன்றுவிட்டு அவரே கத்தியை வாங்கி அறுத்தார். கம்பியைப் பூட்டில் மாட்டி எண்ணெய் விட்டார்கள். எட்டு வருடம் உள்ளிருந்து யாரும் இழுக்காத பூட்டு லேசில் அசையவில்லை. குப்பண்ணன் ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒரு பீடி குடிக்கிற நேரம் காத்திருந்து, மறுபடி இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அட்டையை இரண்டு திருகாணியில் மட்டும் நிறுத்தி, கைப்பிடியைத் தண்டில் வைத்துப் பார்த்தான். முதல் தரம் தாழ்ந்து நின்றது. இழுத்து, ஒரு பல் தள்ளி வைத்தான். இப்போது கொஞ்சம் தூக்கி நின்றது. தண்டு தேய்ந்துபோயிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில்தான் சரியான இடம், அது கிடைக்காது, மேலே நிற்கட்டுமா கீழே நிற்கட்டுமா என்று கேட்டான். சென்னியப்பன் கமலாத்தாளைப் பார்த்தார். உட்கார்ந்திருக்கிறபோது முழங்கை பட்டுத் திறந்துகொள்ளாமல் இருக்க எது நல்லது என்று அவள் கேட்டாள். மேலே நிற்பதுதான் என்றான். அப்படியே மாட்டச் சொன்னாள். ஊசியைப் போட்டு இறுக்கிவிட்டு, அவளை உள்ளே உட்கார்ந்து திறந்து பார்க்கச் சொன்னான். அவள் ரொம்பப் பலமாக இழுத்துவிட்டாள். கதவு படாரென்று திறந்து தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிவிட்டது. திருகாணிகள் வாசலெல்லாம் சிதறின. மூன்று பேரும் குனிந்து பொறுக்கினார்கள். அவற்றையும் முடுக்கி, பின்கதவுக் கைப்பிடியையும் நேராக்கிவிட்டுக் குப்பண்ணன் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. சித்தூர் ரோட்டின் இரண்டு பக்கமும் முதல் போகம் அறுத்துவிட்ட வயல்கள். தாள் மட்டும் நிற்க, நடுவில் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. சென்னியப்பன் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். எந்தெந்தக் கடுதாசியில் ஒப்புப் போட வேண்டும், குமாஸ்தா கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தரம் பேச்சு நின்றுபோனது. அவர் கண் ரோட்டிலிருந்து அவள் பக்கத்துக் கதவுக்குப் போய்த் திரும்பியதைக் கமலாத்தாள் பார்த்தாள். பார்க்காததுபோல மடியில் இருந்த பத்திரப் பையைச் சரிசெய்தாள்.

ஒரு வளைவு தாண்டியதும் ரோட்டின் குறுக்கே வாத்துகள். இடதுபக்கத்து வயலிலிருந்து ஏறி வலதுபக்கத்து வயலுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. நூறா, ஐநூறா, சொல்ல முடியாது. நுனியில் துணி கட்டிய நீளக் கழியோடு ஒரு ஆள் பின்னால் தூரத்தில் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு அவசரமும் இல்லை. சென்னியப்பன் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது.

கமலாத்தாள் கைப்பிடியைத் தாழ்த்தினாள். இந்தத் தரம் அளவாகத்தான் இழுத்தாள். கதவு திறந்தது. பத்திரப் பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கி, இரண்டடி முன்னால் போய் ரோட்டின் நடுவில் நின்றாள். வாத்துகள் முதலில் அவளைக் கண்டு ஒதுங்கின; பிறகு அவளும் ஒரு வரப்புக் கல் என்று எடுத்துக்கொண்டு அவள் காலின் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடத் தொடங்கின. ஈரச் சிறகுகள் புடவைக் கரையில் உரசின. சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டார் என்பதே அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கப் போயிருந்தார். கீழே கால் வைக்க இடமில்லை. வண்டியைச் சுற்றிலும், சக்கரங்களுக்கு நடுவிலும், அவர் கதவுக்குக் கீழேயும் பழுப்பும் வெள்ளையுமாக முதுகுகள் நகர்ந்துகொண்டிருந்தன. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே நீட்டி, எங்கே ஊன்றுவது என்று பார்த்தபடி அவர் காத்திருந்தார். இடதுபக்கத்து வயலிலிருந்து வாத்துகள் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தன.